பிழை எண் 1113

காட்பாடியில் டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
நாற்பத்தொரு படி. லிஃப்டுக்கென்று விட்ட குழியில்
கட்டடக்காரர் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்.
அங்கேதான் எனக்குப் பிழைப்பு:
அடுத்தவர் செய்த விளையாட்டில் பிழை பார்ப்பது.
செத்த முதலை மறுபடி கடிக்கிறதா,
அகழியைத் தாண்டும்போது வீரனின் கால்
ஒரு கணம் காணாமல் போகிறதா.
எண் போடுவேன், தேதி போடுவேன்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருந்தது.
ஒன்றுகூட என்மேல் இல்லை.

இன்பவல்லி குடியாத்தத்திலிருந்து வந்தாள்,
பின்னால் இரண்டு சக்கரம் கூட்டிய ஸ்கூட்டரில்.
கீழிருந்து போன் செய்தாள்:
"வந்துட்டேன். எறங்கி வர்றீங்களா?"
நேர்காணல் டீக்கடையில் நடந்தது.
நான் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர்.
இரண்டாவது, ஊர்ல எந்தப் பக்கம்.
அவள் டீயை ஊதினாள்.
"அது எந்த லெவல்ல சார் வருது?"
ஜெயசிங் சிரித்துவிட்டார்.
நான் கண்ணாடித் தம்ளரின் அடியைப் பார்த்தேன்.

பத்து நிமிடம் விளையாடிவிட்டுத் திருப்பித் தந்தாள்.
"உங்க ஆளு எல்லாத்தையும் குதிக்கிறான்.
குதிக்காம கோட்டைக்குள்ள போக வழியே இல்லையா?
வேலூர்க் கோட்டைக்குள்ள
நான் வண்டியோடவே போயிருக்கேன்."

வேலை கிடைத்தது.
அன்று ராத்திரியே அகழிமேல்
சரிவான பாலம் ஒன்று வரைந்தாள் லால்ரின்புயி.
நாற்பத்தொரு படி அப்படியே இருந்தது.
இன்பவல்லி வீட்டிலிருந்து வேலை பார்த்தாள்.
'இங்கே எல்லோருக்கும் இடம்' என்று
மேலே ஒரு போஸ்டர் ஒட்டினார் ஜெயசிங்,
படமெடுத்துக் குழுவில் போட்டார்.
அவள் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

லால்ரின்புயி அப்பாவின் வைத்தியத்துக்கு வந்தவள்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், லாட்ஜில் ஐந்து மாதம்.
அவர் தேறி ஐஸால் போனார், இவள் தங்கிவிட்டாள்.
ஒருநாள் ஃப்ரிட்ஜில் மூங்கில் குருத்து வைத்தாள், புளிக்கவைத்தது.
மறுநாள் கதவில் ஒரு சீட்டு:
'வாடை வரும் பொருள் வைக்க வேண்டாம்.'
கையெழுத்து என்னுடையது.
அதன்பின் அவள் மொட்டை மாடியில் சாப்பிட்டாள்,
தண்ணீர்த் தொட்டியின் ஒரு முழ நிழலில்.
காற்று வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
வேலூரில். மே மாதத்தில். காற்று.

டீக்கடைக் கேள்வி பல நாள் தொண்டையில் நின்றது.
ஒரு நள்ளிரவு பட்டியலைத் திறந்து எழுதினேன்:
1113. இடம்: ஃப்ரிட்ஜ் கதவு.
மறுபடி நிகழச் செய்யும் முறை: புதிதாக யாராவது வர வேண்டும்,
நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.
சரிசெய்ய வேண்டியவர்: என் பெயர்.
1114. இடம்: டீக்கடை, இரண்டாம் கேள்வி. அதே பெயர்.
காலையில் 1115 வந்திருந்தது, இன்பவல்லியிடமிருந்து.
ஒரே வரி: 'படி.'
ஜெயசிங் 'திட்டமிட்டபடியே உள்ளது' என்று மூடினார்.
அவள் திறந்தாள். மூடினார். திறந்தாள்.

ஆடியில் டயர் கடையை ஒட்டிய குடோன் காலியானது.
இறங்கிவிட்டோம்.
ரப்பர் கருகும் நாற்றம், லாரி ஹாரன்.
அம்பு பாயும் சத்தம் பதிவு செய்ய
இரவு பதினொன்று வரை காத்திருக்கும் அஸீம்
எங்களைத் திட்டாத நாளில்லை.
இறக்கும்போது போஸ்டர் கிழிந்தது,
யாரும் மறுபடி ஒட்டவில்லை.
1115-ஐ இன்பவல்லியே மூடினாள்,
உள்ளே வண்டியை நிறுத்திவிட்டு.

சீட்டை நான் எப்போதோ கிழித்தாயிற்று.
மன்னிப்பும் கேட்டேன், "பரவால்ல" என்றாள்
அவள் நன்றாகக் கற்றுக்கொண்ட தமிழில்.
'சரிசெய்தாயிற்று' என்று 1113-இல் குறித்தேன்.
ஆனால் மூடுவது பிழை பட்டவரின் உரிமை.
ஃப்ரிட்ஜில் இரண்டாம் தட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்.
இன்றும் மதியம் அவள்
டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள்.