சட்டம்

கிளீவ்லாந்து, பிப்ரவரி.
ஆவணக் காப்பகத்தின் நிலவறைச் சன்னலை
ஏரிப்பனி பாதிவரை மூடிவிட்டது.
என் வேலை சட்டங்களைத் துடைப்பது.
நொடிக்கு இருபத்துநான்கு,
ஏழு நிமிடக் கார்ட்டூனுக்குப் பத்தாயிரத்து எண்பது.
கையுறை, கரைசல், கொஞ்சம் பஞ்சு.

இன்றைய டப்பாவில் நாற்பத்தொன்றாம் ஆண்டு.
ஒரு தபால்காரர், ஒரு வெள்ளாடு.
ஆடு கடிதத்தைத் தின்னும், அவர் துரத்துவார்.
கதை அவ்வளவுதான். அதற்குமேல் கேட்பவர்
மளிகைக் கடையில் செருப்பு கேட்பவர்.

துரத்தலில் அதே தெரு திரும்பத் திரும்ப ஓடுகிறது:
சிவப்புக் கதவு, பூந்தொட்டி, வேலி,
சிவப்புக் கதவு, பூந்தொட்டி, வேலி.
முதலாளியிடம் இருந்த காசுக்கு
அவ்வளவுதான் உலகம்.
ஆறாம் முறை அந்தக் கதவு வந்தபோது
தட்டிப் பார்க்கலாம்போல் இருந்தது.
நடுவில் தொய்வு. ஆடு பாடுகிறது.
பாடியிருக்க வேண்டாம்.

பிறகு அந்தப் பாறை விளிம்பு.

தபால்காரர் அதைத் தாண்டி ஓடி
வெறுங்காற்றில் நிற்கிறார்.
பையைச் சரிசெய்கிறார்.
ஒரு முகவரியை உதடசைத்துப் படிக்கிறார்.
கீழே பார்க்கவில்லை, ஆகவே விழவில்லை.
எண்ணினேன்: முப்பத்தொரு சட்டங்கள்.
இருபதென்றால் அவசரம், ஐம்பதென்றால் கொட்டாவி.
யாரோ மேசையில் பென்சிலைத் தட்டித் தட்டி
அந்த முப்பத்தொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்.
சிரிப்பு விழுவதில் இல்லை.
நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாத
அந்த ஒன்றேகால் நொடியில் இருக்கிறது.

பஞ்சைப் பிடித்த கை அப்படியே நிற்க
வாய்விட்டுச் சிரித்தேன்.
அடுத்த மேசையில் தேடியஸ் நிமிர்ந்தான்:
"ஒடெஸா, இதற்கா உனக்குச் சம்பளம்?"

விழுந்த இடத்தில் வெடிமருந்துக் கிடங்கு.
(வேறென்ன இருக்கும்.)
புகை விலகுகிறது.
தபால்காரரின் முகம் கறுத்திருக்கிறது,
கரியால் மட்டும் அல்ல.
உதடு தடித்து, கண் உருண்டு,
தலையில் நாலு பின்னல்,
ஒவ்வொன்றின் முனையிலும் ரிப்பன்.
ஏழு வயதில் பள்ளிப் புகைப்படத்தில்
எனக்கும் நாலு பின்னல்தான்.

பதினான்கு சட்டங்கள்.
அப்புறம் மறுபடி இளஞ்சிவப்பு முகம், ஓட்டம்,
சிவப்புக் கதவு, பூந்தொட்டி.

என் சிரிப்பு அப்போதும் முடிந்திருக்கவில்லை.
விளிம்பைத் தாண்டி
காற்றில் நின்றுகொண்டிருந்தது.
நான்தான் கீழே பார்த்துவிட்டேன்.

இந்தப் படம் வந்த ஆண்டில், சில ஊர்களில்,
என் நிறத்தவர் பக்கவாட்டுப் படியேறி
பால்கனியில் உட்கார்ந்துதான் இதைப் பார்க்கலாம்.
அதற்கும் பெயர் சட்டம்.
அங்கே மேலே, இருட்டில்,
பாறை விளிம்புக்குச் சிரித்தவர்கள்
புகை விலகியதும் என்ன செய்திருப்பார்கள்?
சிலர் தொடர்ந்து சிரித்திருப்பார்கள்.
நிறுத்துவதற்கும் நேரம் வேண்டுமே.

"வெட்டிவிடேன்," என்றான் தேடியஸ்,
"அரை நொடி. யாருக்குத் தெரியப்போகிறது."
நல்லவன். நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.
ஆனால் அந்த முப்பத்தொன்றை எண்ணிய பென்சில்தான்
இந்தப் பதினான்கையும் எண்ணியது.
அதே கூர், அதே நிதானம்.
மோசமாக வரைந்திருந்தாலாவது
தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

ஒன்பதாம் சட்டத்தின் கீழ் மூலையில்
ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பு வர்ணத்தில்.
வார்னிஷ் நாற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து
கூலிக்கு வண்ணம் தீட்டிய பெண்களில் ஒருத்தி.
கையுறை கிழிந்திருக்கும்.
பதினான்கு உதடுகளையும் நிரப்பிவிட்டு
மணி பார்த்திருப்பாள், பேருந்து பிடித்திருப்பாள்.

துடைத்தேன். போகவில்லை.
இன்னும் அழுத்தித் துடைத்தேன்.
ரேகை படச்சுருளின் மேல் இல்லை,
படத்துக்குள் இருக்கிறது.

மாலை அறிக்கையில் எழுதினேன்.
சட்டங்கள்: பத்தாயிரத்து எண்பது.
குறைவு: ஏதுமில்லை.
பழுது:
என்று எழுதிப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்,
முப்பத்தொரு சட்டங்களுக்கும் மேலாக.