படி

மூன்று கார்பன் வைத்து அடித்தேன்.
மூலம் ஒன்று, படி மூன்று.
தாள் பறக்காமல் இருக்க மேசையில் ஒரு வெள்ளைக்கல்,
யாரோ சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து போட்டது.

சட்டம் டில்லியில் பிறந்து இரண்டு மழை ஆகியிருந்தது.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொரு வளைவிலும் அது
சேலத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறியது.

குழுக் கூட்டத்தில் மேசை இரண்டாகிக் கிடந்தது.
"அடிமை என்று எழுதாதீர்கள். அட்வான்ஸ்."
"அட்வான்ஸ் வாங்கியவன் செத்து ஒன்பது வருஷம்."
"காப்பி பழுக்கிற நேரம், ஒரேயடியாகக் கூடாது.
படிப்படியாகச் செய்வோம்."
இரண்டு பக்கமும் தலையாட்டிய ஒரே வார்த்தை அதுதான்.
குறிப்பில் அடித்தேன்.
என் மெஷினில் 'டி' மட்டும் எப்போதும்
கொஞ்சம் தூக்கலாக விழும்.

கதவோரம் நின்ற குப்பாயி கேட்டாள்:
"எந்தப் படிங்க?
பட்டணம் படியா, இல்ல எங்க கணக்கப்பிள்ளை
கேவுரு அளக்குற அடி ஒடுங்கின படியா?"
யாரோ இருமினார்கள்.
அதைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லவில்லை.

கடன் தொகை: நூற்றிப் பத்து ரூபாய்.
வாங்கியவர்: மாமனார்.
காரணம்: அவருடைய கல்யாணம்.
இந்த நூற்றிப் பத்துக்குப் பிறகுதான்
அவள் புருஷன் சடையனே பிறந்தான்,
சில்வர் ஓக் விழுந்து செத்தும் போனான்.
நோட்டில் தொகை மட்டும் ஏறியிருந்தது.

ஒற்றை ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது, திருத்தத்தோடு:
முதலில் பெரியவர்கள்.
சிறுவர்கள் பற்றி அடுத்த கூட்டத்தில்.

சான்றிதழை வாங்கி என்னிடமே நீட்டினாள்.
"படிங்க."
படித்தேன்.
"கரியான் பேரு வரலியே?"
"அடுத்த கூட்டத்துலம்மா."
"அது எப்போ?"
தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று
சற்று முன் அடித்ததே நான்தான்.

அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.
மெஷினும் சும்மாதான் இருந்தது.
மேலே கையெழுத்து ஆகிவிட்டதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
சான்றிதழை நாலாக மடித்து
வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டு
ஏற்காட்டு பஸ்ஸில்தான் ஏறினாள்.
விடுதலையானவள் வேறெங்கே போவாள்,
பையன் மேலே பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது?

கண்டக்டருக்குத் தெரிந்த முகம் போல.
"என்னம்மா, ஒண்ணா, ஒண்ணரையா?"

"இப்போதைக்கு ஒண்ணு" என்றாள்.