அறுபது அம்பியர்

முற்றவெளியில் மூன்றாம் சுற்று.
முனியப்பர் கோயில் பக்கத்து வளைவில்
வழக்கம்போல நின்றது கார்.
மெதுவாய் விட்டால் ஓடும்.
விசையை முழுக்க அழுத்தினால்
ஒரு விக்கல், பிறகு ஒன்றுமில்லை.
ஸ்பீட் கொன்றோலரின் சிவப்பு வெளிச்சம் மட்டும்
கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது,
தனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல.

"உன்ர பக்கம்தான்" என்றான் றெக்சன்.
"என்ர பக்கம் சரி. உன்ரயைப் பார்."
காருக்கு நாங்கள் இருவர் சொந்தக்காரர்.
பற்றறியும் அதன் வாலும் அவன் பற்றவைத்தவை,
கொன்றோலரிலிருந்து மோட்டர் வரை நான்.
நடுவில் மஞ்சள் கனெக்ரர்,
ஆண் பாதி, பெண் பாதி.
செருகும்போதெல்லாம் 'சடக்'கென்று
ஒரு சின்னப் பொறி பறக்கும்.
முன்பு அதற்கே சிரிப்போம்.

இரவு, கஸ்தூரியார் வீதிக் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கி,
திருத்தக் கொடுத்த போன்களை ஒதுக்கிவிட்டு
காரைக் கவிழ்த்துப் போட்டேன்.
முதலில் என் ஈயங்களையே சந்தேகித்தேன்.
மங்கிக் கிடந்தால் அது குளிர் ஒட்டு:
ஒட்டினதுபோல நடிக்கும், ஒட்டியிராது.
அப்படி ஒன்றும் இல்லை.
பிறகு அவனுடையவை.
சொல்லக் கூடாது, என்னுடையதைவிட வடிவு.

மீற்றரை வைத்தேன்.
இந்த முனை, அந்த முனை.
சிவப்பு: பீப்.
கறுப்பு: பீப்.
எல்லாம் தொடர்பில்தான் இருக்கின்றன.

லீசிங்குக்குப் பிணை நிற்கச் சொல்லி
றெக்சன் கேட்டது மாசியில்.
ஓட்டோ ஒன்று, அவன் தம்பிக்கு.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் யோசிக்கிறேன் போலும்.
அதற்குப் பிறகு கதைக்காமல் விட்டோம் என்றில்லை.
"சாப்பிட்டாச்சோ?" "ஓம்."
"மழை வருமோ?" "வரும்போலத்தான்."
பீப். பீப்.

கறுப்பு வயரை விரலில் சுற்றி வளைத்தபோது
ஓரிடத்தில் மட்டும்
எலும்பில்லாததுபோல மடிந்தது.
உறையின் மேல் ஒரு கீறல் இல்லை.
பிளேட்டால் நானே கீறித் திறந்தேன்.
பச்சை.
பண்ணைப் பாலத்தடியில் ஒருநாள்
கடலுக்குள் இறக்கி ஓட்டினோமே,
அந்த உப்புத்தண்ணி
யாருக்கும் சொல்லாமல்
உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து வந்திருக்கிறது.

செம்பில் களிம்புபோல உயிரில் ஆணவம் என்று
சைவபாடச் சோதினையில் எழுதி
முழுப் புள்ளி எடுத்தவள் நான்.
களிம்பைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

எண்ண முடியாத இழைகளில்
நாலோ ஐந்தோ மினுங்கின.
மீற்றருக்கு அது போதும்.
அது கேட்பது துளி மின்சாரம்;
ஓர் இழை மிஞ்சினாலும் பீப் சொல்லிவிடும்.
மோட்டர் அப்படியில்லை.
மணலில் ரயர் புதையும்போது
அறுபது அம்பியரை
ஒரே மூச்சில் கேட்கும்.

யாருடைய பக்கம் என்றால்,
என்னுடையது.

மினுக்கம் வரும்வரை வெட்டினேன்,
பின்னுக்கும் பின்னுக்கும்.
வயர் குட்டையாகி எட்டாமல் போக
கொன்றோலரைக் கழற்றி முன்னுக்கு நகர்த்தி,
மோட்டரின் மூன்று வயரையும் பிடுங்கிப் பூட்டி,
ஓட்டிப் பார்க்காமலே ஷட்டரை இழுத்தேன்.
மணி பதினொன்றரை.

ஞாயிற்றுக்கிழமை, அதே வெளி.
றெக்சன் எனக்குப் பின்னால் நின்றான்.
'சடக்.'
விசையை முழுக்க அழுத்தினேன்.
விக்கல் இல்லை.
முழு வேகத்தில் பின்னோக்கிப் பாய்ந்து
அவன் கணைக்காலில் அடித்து நின்றது கார்.

மூன்றில் இரண்டு இடம் மாறினால்
எதிர்த்திசை. எந்த இரண்டானாலும்.
இது எனக்குத் தெரியாததா?

"உன்ர பக்கம்" என்றான், காலைத் தடவிக்கொண்டு.
"ஓம். என்ர பக்கம்தான்."
பிறகு கேட்டேன்:
"மாசம் எவ்வளவு கட்டவேணும்?"

அவன் குந்தியிருந்து காரைக் கவிழ்த்து
வயர் இரண்டைப் பிடுங்கிக்கொண்டே
நிமிராமல் தொகையைச் சொன்னான்.

நான் நினைத்ததைவிடக் கூட.