மீட்டமை

கிளாக்ஸ்விக் துறைமுகம், மீன் உறையாலையின் மாடி.
மணி ஒன்றே முக்கால்.
கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
இமைத்துக்கொண்டிருக்கிறது,
என்னைவிட நிதானமாக.

திங்கள் இரவிலிருந்து
எங்கள் வலைப்பின்னல் யாரையும் நம்புவதில்லை.
வருகிற கணினியை வாசலிலேயே மறித்து
ஒட்டுப் போட்டாயிற்றா, காவல் மென்பொருள் விழித்திருக்கிறதா
என்று நாடி பிடித்துப் பார்த்து
நோயாளி என்று தனியறைக்குத் தள்ளுகிறது.
முள்ளெடுக்கும் இயந்திரம் தனியறையில்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரின் டேப்லெட் தனியறையில்.
முதலாளியின் மடிக்கணினியும் அங்கேதான்,
அதற்கு நான் அவசரப்படவில்லை.

விதிகளை எழுதியவர் எய்யுன்.
பதினொரு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.
இப்போது டென்மார்க்கில் எங்கோ பேருந்து ஓட்டுகிறாராம்.
போனை எடுப்பதில்லை.
அவருடைய விதிகளின் பெயர்களை
உரக்கப் படித்துப் பார்த்தேன்:
தற்காலிகம்.
தற்காலிகம் இரண்டு.
தற்காலிகம் புதியது.
பெய்ந்தாவுக்காக, வெள்ளி வரை மட்டும்.
எந்த வெள்ளி?
பெய்ந்தா ஓய்வுபெற்றே நாலு வருடம்.
எல்லாவற்றுக்கும் அடியில், காரணம் இல்லாமல்,
தொடாதே.

ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.
ஒரு முடிச்சு இளகினால் இரண்டு இறுகிற்று.
கீழே இரவு வேலைப் பெண்கள்
ரப்பர் கையுறையைக் கழற்றி
கைகட்டி நிற்கிறார்கள்.
பெட்டி பெட்டியாக மீன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

சரி, போகட்டும்.
இருப்பதையெல்லாம் படி எடுத்தேன், இரண்டு படி.
ஒன்று சட்டைப் பையில்.
கட்டளை நாலே சொல்.
நாலாவது, மீட்டமை.

நிச்சயமா என்று கேட்கும் என்றிருந்தேன்.
பல் பிடுங்குகிறவர்கூடப்
பேச்சுக்கு ஒரு தரம் கேட்பார்.
இது கேட்கவில்லை.
பதினொரு வருடம்
இமைக்கிற கோடு இன்னொரு தரம் இமைப்பதற்குள் போயிற்று.
திரை சொன்னது:
சரி.
முற்றுப்புள்ளி வைத்து.

கீழே ஏதோ உறுமிற்று. முள்ளெடுக்கும் இயந்திரம்.
யாரோ கைதட்டினார்கள், எனக்கா இயந்திரத்துக்கா தெரியாது.
ஆறிய காப்பியைக் குடித்தபடி
எது உடையப்போகிறது என்று காத்திருந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு
குளிர் அறைப் பிரிண்டர் தானாக ஒரு சீட்டைத் துப்பிற்று.
கொட்டகை மூன்று. காட் மீன். நாலு கிலோ இருநூறு.
கொட்டகை மூன்று பூட்டி ஐந்து வருடம்.
அடுத்த சீட்டு.
காட் மீன். நாலு கிலோ இருநூற்று ஐம்பது.

டார்ச்சோடு போனேன்.
காற்று என்னைப் பக்கவாட்டில் நடத்திற்று.
பூட்டில் உப்பு, கதவில் பனிக்கட்டி, தோளால் இடித்தேன்.
உள்ளே ஒரே ஒரு வெளிச்சம்:
தராசின் பச்சை எண்கள்.
மேலே கூரையில் தட்டளவு ஓட்டை.
அதன் வழியே பனி இறங்கி
தராசுத் தட்டின் நடுவில்
குவிந்துகொண்டிருந்தது, சிந்தாமல்.
நாலு முந்நூறு.
நாலு முந்நூற்று ஐம்பது.

எத்தனை குளிர்காலம்
இந்தக் கணக்கு எங்கள் இருப்பில் ஏறியதோ,
எத்தனை பெட்டிப் பனியை
எந்த ஊருக்கு விற்கப் பார்த்தோமோ.
எய்யுன் இதே இடத்தில் நின்றிருப்பார்.
செருகியைப் பிடுங்க ஒரு கை போதும்.
பிடுங்கவில்லை.
என் கையும் சுவர் வரை போய்
கோட்டுப் பைக்குத் திரும்பிவிட்டது.
விழுவதை நிறுக்கிறது,
அது செய்த தவறு என்ன?

மாடியேறி ஒரு புது விதி எழுதினேன்.
பெயர்: கொட்டகை மூன்றின் தராசு பனியை மீன் என்று எண்ணுகிறது,
கூரை ஒழுகுகிறது, நேரில் பார்த்தேன், ரான்வா.
பெயர் மிக நீளம் என்றது.
பாதியாக்கினேன். இன்னும் நீளம் என்றது.

பனி என்று மட்டும் எழுதினேன்.

எனக்குப் பின் வருகிறவர் குழம்புவார்.
குழம்பட்டும்.
கொட்டகை வரை நடந்து
தோளால் கதவை இடிக்கட்டும்.

சரி, என்றது திரை.