மேல்வரம்பு

ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து
பல்லடத்தின் ஜன்னல் கொக்கிகளை
ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
கீழே முப்பத்தாறு விசைத்தறி.
மேலே நான், ஒரு மேசை, ஒரு யூபிஎஸ்,
நாலு வருடமாகத் திறக்காத ஒரு பெட்டி.

வரைபடத்தில் குறுகலான பட்டை, அதைத்தான் பெட்டி என்போம்.
டி-மேசானின் எடை எங்கே விழவேண்டுமோ
சரியாக அந்த இடத்தை மூடிவைத்திருந்தோம்,
நாங்களே, எங்களிடமிருந்தே.
பார்த்தால் ஆசை வந்துவிடும்.
ஆசை வந்தால் சல்லடைக் கண்ணை
ஒரு நூல் அகலமாக்கத் தோன்றும்.

வசீகரம் என்று அதற்குப் பெயர் வைத்தவர்
அதன் ஆயுளைப் பார்த்துத்தான் வைத்தாரோ என்னவோ.
பிறந்து, ஒரு சோளமணி நீளம் பறந்து, உடைந்துவிடும்.
உடைவதும் தெரிந்த வழிகளில்தான்,
கேயான், பையான், மறுபடி பையான்.
என்றைக்காவது, கோடானுகோடியில் ஒருமுறை,
இரண்டு மியூவானாக மட்டும் உடையுமா?
இதற்குத்தான் நாலு வருடம்.

ஏமாற்றவும் ஆள் உண்டு.
பையான் பாதி வழியில் மியூவானாகி
நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று வரிசையில் நிற்கும்.
அதன் தடம் கொஞ்சம் கோணல். கொஞ்சம்தான்.
கூடவே உதிர்ந்த மெதுவான பையான் ஒன்று
சாட்சி சொன்னால் மட்டும் சேர்த்துக்கொண்டோம்.
பிடித்ததை எண்ண யாருக்கும் வரும்.
நிஜத்தில் எத்தனையைத் தவறவிட்டோம் என்று
எழுதும்போதுதான் கை கூசும்.

இரவு எட்டரை. ஜெனீவாவில் சாயங்காலம் ஐந்து.
திரையில் பதினோரு முகம்.
மைக்கை அணைக்க மறந்த யாரோ
பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார்.
என்டர் தட்டவேண்டியது நான்.
அப்போது கரண்ட் போயிற்று.

முப்பத்தாறு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
இந்த வீட்டுக்கு வந்தபிறகு
என் நாற்காலி கிரீச்சிடும் என்பதே
அன்றைக்குத்தான் தெரிந்தது.
யூபிஎஸ் பீப், பீப் என்று
மிச்சமிருக்கும் ஆயுளைச் சொன்னது.
தட்டினேன்.

பின்னணியாக எதிர்பார்த்தது முப்பத்தெட்டு.
வந்தது நாற்பத்தொன்று.

மூன்று கூடுதல்.
ஒரு நொடி, ஒத்துக்கொள்கிறேன்,
அந்த மூன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தோன்றியது.
ஆனால் முப்பத்தெட்டு என்பது
ஆறு ஏறும், ஆறு இறங்கும்.
மூன்று அதன் சில்லறை.
பிஸ்கட் சத்தம் நின்றது.
"குட்" என்றார் ஒருவர். யாருக்கென்று தெரியவில்லை.

மறுவாரம் கல்லூரியில் ஆண்டறிக்கைப் படிவம்.
"கண்டுபிடிப்பு எத்தனைங்க மேடம்?"
எழுத்தர் மாரப்பன்.
"நூறு கோடி உடைஞ்சா, அதுல மூணுக்கு மேல இப்படி உடையாது.
தொண்ணூறு சதவீதம் உறுதி."
"அப்ப மூணுன்னு போட்டுரலாங்களா?"
"மூணுக்கு மேல இல்லீங்க. ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்."

பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.
அவருடைய தோட்டத்துக்கு
சர்வேயர் சங்கிலி கொண்டுவந்த வாரம் அது.
"அதாவதுங்க, எல்லைக்கல்லு நட்டிருக்கீங்க.
இதுக்கு அக்கட்டால கிடையாதுன்னு.
சரிங்க.
கல்லுக்கு இக்கட்டால இருக்கற காடு யாருதுங்க?"

தெரியாதுங்க, என்றேன்.

ஒற்றை விரலால் தட்டினார்,
புள்ளிக்குப் பின் எட்டுச் சுழி, அப்புறம் மூன்று.
மென்பொருள் இரண்டு இலக்கம்தான் ஏற்றுக்கொள்ளுமாம்.
0.00 என்று சேமித்துக்கொண்டது.

"போச்சாதுங்க மேடம். மூணு உள்ளதான் இருக்குது,
வெளிய தெரியறதில்ல."

இருக்குதுன்னு நான் சொல்லலீங்க, என்றேன்.