வத்திப்போன புள்ளி

காசிமேட்டில் முதலில் போவது ஜன்னல் கம்பி.
அப்புறம் ஃபேன் ரெக்கையின் திருகு,
கைப்பையின் ஜிப், துப்பட்டாவில் குத்திய ஊக்கு.
இந்த மார்ச்சில் உப்புக்காற்று
லேப்டாப்புக்குள் இறங்கி
எஃப்பைத் தின்றுவிட்டது.

தமிழ்99 அடிக்கிறவர்களுக்குத் தெரியும்,
எஃப் என்றால் புள்ளி.
இரட்டித்த எழுத்துக்கு அது தானாக விழும்.
ங்க, ஞ்ச, ந்த, இவற்றுக்கும் கேட்காமலே விழும்.
மீதிக்கெல்லாம்
இடக்கையின் ஆள்காட்டி விரல்தான்
ஓடி ஓடி வைக்கவேண்டும்.

பத்தரைக்கு அமலோற்பவம் வந்தார்.
ரேஷன் கார்டில் அவர் அமலேற்பவம்.
யாரோ ஒரு துணைக்காலை விட்டுவிட்டார்கள்.
அதைக் கேட்டு வாங்கத்தான் மனு.
அடித்தேன்.

உதவி ஆணையர அவரகள
வணக்கம
என பெயர அமலோறபவம

ஸ்கிரீனுக்குள் மூக்கை நீட்டிப் படித்தார்.
"இன்னாமா, காலக் குட்த்துட்டு
புள்ளியப் புடுங்கிக்கினியா?
வத்திப்போச்சா அது?"

ம் என்று உதடு சேரவேண்டிய இடத்தில்
ம, ம என்று
ஒரு சொல்லும் வாயை மூடாமல் நின்றது.

கவிழ்த்துத் தட்டினேன்.
ஓமப்பொடித் துணுக்கு, பாதி ஸ்டேப்ளர் பின்,
ஒரு இமைமுடி, ஒரு மீன் செதில்.
செதில் யாருடைய கையோடு வந்ததோ,
இந்த நாற்காலிக்கு வருகிற எல்லாருமே
மீனை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான்.
ஹேர்பின்னால் நெம்பியதில் எஃப் கழன்று வந்தது.
அடியில் சின்ன ரப்பர் முலை.
காதுக்குச்சியில் சானிடைசர் தொட்டுத் துடைத்து
ஊதி, காயவைத்து, மாட்டி
மெல்லத் தட்டினால் ஒன்றுமில்லை.
கோபத்தில் அழுத்திப் பிடித்தால்
தலையில் புள்ளியோடு வெறும் வட்டங்கள்
சுண்டல் கொட்டியதுபோல் பக்கம் நிறைய.

ஸ்கிரீனிலேயே விசைப்பலகையைத் திறந்து
மவுஸால் ஒவ்வொன்றாக வைத்தேன்,
போலியோ சொட்டு விடுகிற மாதிரி,
நிற்கிற எழுத்துகளின் தலை தலையாக.
ஒரு பக்க மனுவுக்கு நூற்றுப் பன்னிரண்டு.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய் வாங்குகிறேன்.
அமலோற்பவம் ஐம்பதாகக் கொடுத்து
"புள்ளிக்குப் பத்து" என்றார்.

சாயங்காலம் கல்மண்டபத்தில் தஸ்தகீர் பாய்
டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார்.
"பாரு, பச்சையாப் பூத்துக்கீது.
கீபோர்டு மாத்துனா ஆயிரத்தி நானூறு."
என் முகத்தைப் பார்த்துவிட்டு
கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரால் முதுகு சொறிந்தார்.
"எந்தக் கட்டைய நீ தொடறதே இல்ல?"

யோசிக்கவே வேண்டியதில்லை.
இடதுமூலையில் ஔ.
வாங்கிய நாளின் பளபளப்போடு,
எழுத்து அழியாமல்,
வேலையே இல்லாத பெரிய வீட்டுப் பிள்ளை.
ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு
புள்ளியை அதன் தலையில் கட்டினார்.
நூறு ரூபாய்.

நான்கு நாள் சுண்டுவிரல் வலித்தது.
ஆள்காட்டி விரல் மட்டும்
எஃப்பின் மேலிருக்கும் சின்ன மேட்டுக்குப் போய்
தடவிவிட்டு, ஒன்றும் ஆகாமல் திரும்பியது.
இப்போதும் போகிறது.

ஐந்தாம் நாள்
விசைப்படகு லைசென்ஸ் புதுப்பிக்க ஒருவர்.
பெயர்?
"சௌரியப்பன்."
விரல் மூலைக்குப் போய் நின்றது.
சவுரியப்பன்னு போடட்டுமாண்ணே?
"எப்டிப் போட்டாலும் நான்தாம்மா அது."
சொல்லிக்கொண்டே லுங்கி மடிப்பிலிருந்து
பிளாஸ்டிக் உறையில் போட்ட ஆதாரை எடுத்தார்.
அதில் சௌ.
எப்படிப் போட்டாலும் இவர்தான் என்று
அந்த ஆபீஸில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்,
அது அவருக்கும் தெரியும்.

செ அடித்தேன்.
பக்கத்தில் ஒரு ள அடித்தேன்.
செளரியப்பன்.
கம்ப்யூட்டர் அதன் கீழே சிவப்புக் கோடு கிழித்தது.
பிரிண்டரில் கோடு வரவில்லை.
ஆதாரைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் பார்த்தவர்
"கரெக்டா கீதும்மா" என்று
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.