பதினொரு செக்கன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப்
பத்து நிமிடம் அதை ஓடவிடுவேன்.
என் உத்தியோகமே அவ்வளவுதான் என்று
திருக்கோவில் ஆஸ்பத்திரியில் பலர் நினைக்கிறார்கள்.
சத்தம் கேட்டதும் எழும்பி ஜன்னலைச் சாத்துவார்
கிளாக்கர் வன்னியசிங்கம்.
பெற்றரி முனையில் பூத்த பச்சை உப்பைச்
சுடுதண்ணி ஊற்றித் துடைப்பேன்.
பெல்ட்டை விரலால் சுண்டி
அது சொல்வதைக் கேட்பேன்.

அன்று ஞாயிறு. இரவு ஏழு இருபது.
கரண்ட் போனது என்று சொன்னால் சரியில்லை.
காகம் இருந்தாலே போகிற கரண்ட்தான்.
இது வேறு.
அக்கரைப்பற்றுப் பக்கத்து வானத்தில்
எப்போதும் ஒட்டியிருக்கும் மங்கல் மஞ்சளைக்
கழுவி விட்டிருந்தது.
தம்பிலுவில் இல்லை. விநாயகபுரம் இல்லை.
கடல் மட்டும் தன் நுரையில் கொஞ்சம் வெள்ளை வைத்திருந்தது.

மெசின் பிடித்துச் சுமை ஏற்கப்
பதினொரு செக்கன்.
அந்தப் பதினொன்றையும் மிஸ் சுபோஜினி
கையால் பிசைந்தார்,
பிறந்து இரண்டு நாளான ஒன்றின் முகத்தில்
ரப்பர் பையைப் பொருத்தி.
வெளிச்சம் வந்த பிறகும்
கொஞ்ச நேரம் பிசைந்துகொண்டே நின்றாராம்.

தாங்கியில் நூற்றைம்பது லீற்றர்.
மணிக்குப் பதினெட்டுக் குடிக்கும்.
விடியப்புறம் மூன்றே முக்காலுக்குள் முடியும்.
நாடு முழுக்க இருட்டாம்,
எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

பத்து மணிக்கு டவரும் செத்தது.
மறுகா, அழைப்பு வருமென்று காத்திராமல்
அம்புலன்ஸை ஊருக்குள் எடுத்தான் சபுறுதீன்.
சந்திக்குச் சந்தி நிறுத்தி
லைட்டை மட்டும் சுழலவிட்டான்.
வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்தார்கள்:
ஒரு பிரசவம், ஒரு பாம்புக்கடி,
மெழுகுதிரியில் நுளம்புவலை பற்றி வெந்த ஒரு கை.
“சைரன் போடேல்லையா?” என்றேன்.
“இந்தக் கரையில இருட்டுக்க கத்துற எதுக்கும்
சனம் ஓடப் பாக்கும்” என்றான்.

பதினொன்றுக்கு முள் ஏறியது. தேடிப் போனேன்.
நடைபாதைப் பிளக்கில் யாரோ கேத்தல் போட்டிருந்தார்கள்.
பக்கத்தில் கொடிபோலத் தொங்கின முப்பத்தேழு போன்.
கேத்தலைக் கழற்றினேன். போன்களை விட்டேன்.
டவர் இல்லாத ஊரில்
அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரு வேலைதானே.

நடுச்சாமம் டொக்டரம்மா வந்து
“இன்னும் எதை நிறுத்தலாம்?” என்றார்.
கந்தோர் நிறுத்தியாயிற்று. தண்ணிப் பம்ப் நிறுத்தியாயிற்று.
தடுப்பூசிப் பெட்டி, திறக்காவிட்டால் காலைவரை தாங்கும்.
பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.
மிச்சம் ஒன்று இருந்தது.
அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிரேத அறையில் ஒருவர்தான்.
கண்டக்குட்டி, ஐம்பத்தெட்டு, தென்னையால் விழுந்தவர்.
மகன் கட்டாரிலிருந்து வர இரண்டு நாள்.
சுவிச்சைத் தட்டமுன்னம்
கதவைத் தட்டினேன், ஏனென்று தெரியாது.
“அண்ணை, காலமை போடுறன்.”
மணிக்கு இரண்டு லீற்றர் மிஞ்சும்.
அவர் தந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

மூன்றேகாலுக்குப் பாம்புக்கடிக்காரனின் மச்சான்
உழவு மெசினில் வந்து இறங்கினான்,
இரண்டு கேன் டீசலோடு.
“ரசீது வேணும்” என்றான் கண்டிப்பாக.
மருந்துத் துண்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
டோச் அடித்து வாசித்தான்.
“ஐம்பது இல்லை, நாப்பது. வெட்டி எழுதுங்க.”

ஐந்து பத்துக்கு வந்தது.
தம்பிலுவில் பக்கம் ஓவென்று ஒரு சத்தம்.
நான் உடனே நிறுத்தவில்லை.
வந்த கரண்டை
இருபது நிமிடத்துக்கு நம்பக்கூடாது.
முதலில் போட்டது பிரேத அறையை.
பதிவேட்டில் நேரம் எழுதினேன், லீற்றர் எழுதினேன்.
‘குறிப்பு’ என்ற கட்டத்தில்
கண்டக்குட்டி, ஐந்து மணி பத்து நிமிடம்
என்று எழுதினேன். அதற்குமேல் கட்டம் இடம் தரவில்லை.

செவ்வாய் பத்து மணிக்கு ஓடவிட்டேன்.
கிளாக்கர் எழும்பி ஜன்னலடிக்கு வந்தார்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு சாத்தினார்.